ஆர்ட்டிலரி என்றால் எந்த பேட்டரி? ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஒரு பீரங்கிப் படை விளக்கம்

ராமநாதபுரம் கடற்கரையில் கண்ணுக்குத் தெரிகிற ராணுவம் எல்லாம் கடலைப் பார்த்த ராணுவம்தான். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, மண்டபத்தில் கடலோரக் காவல்படை, பாம்பனுக்கு மேலே அவ்வப்போது சுற்றிவரும் ஹெலிகாப்டர். ஆனால் திருவாடானை, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கத்து வீடுகளில் மாட்டியிருக்கும் சீருடைப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தரைப்படை. எந்த ரெஜிமென்ட் என்று கேட்டால், மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் பெயரைச் சொல்வார், கேட்டவருக்கும் உடனே விளங்கிவிடும். ஆர்ட்டிலரிக்காரர் ஒரு எண்ணைச் சொல்வார். “எண்பத்தொன்று ஃபீல்டு” என்பார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்த 81 ஃபீல்டு ரெஜிமென்ட் 2020 ஜூனில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. கல்வான் பள்ளத்தாக்கில் ஜூன் 15 இரவு சீனப் படையினரோடு நடந்த மோதலில் இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே.பழனி. அப்போது பலர் கேட்ட கேள்வி நியாயமானது: பீரங்கிப் படைக்காரர் பீரங்கிக்குப் பக்கத்தில்தானே இருப்பார், கைகலப்பு நடந்த இடத்துக்கு எப்படிப் போனார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பீரங்கிப் படை எப்படி வேலை செய்கிறது, அதற்குப் பெருமை எப்படிக் கிடைக்கிறது, அந்தப் பெருமை ஏன் ஊர் வந்து சேர்வதில்லை என்று வரிசையாக எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அமைப்பு. ஒரு ரெஜிமென்டில் பொதுவாக மூன்று பேட்டரிகள், பேட்டரிக்கு ஆறு பீரங்கிகள், மொத்தம் பதினெட்டு. பேட்டரிகளை பி, க்யூ, ஆர் என்று அழைப்பார்கள். இப்படி மூன்று முதல் ஐந்து ரெஜிமென்டுகள் சேர்ந்தது ஒரு பீரங்கிப் பிரிகேடு. ஒரு டிவிஷனுக்கு ஒரு பிரிகேடு என்பது வழக்கம். அதன் தலைவர் ஒரு பிரிகேடியர். எங்கே, எப்போது, எத்தனை குண்டு என்று டிவிஷன் தளபதிக்கு யோசனை சொல்வதும் அவர்தான். பழைய புத்தகம் படிப்பவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். 1938 வரை ஆங்கிலேயர் ராணுவத்தில் பீரங்கி ‘பிரிகேடு’ என்றால் இன்றைய ரெஜிமென்ட் அளவுதான். லெப்டினென்ட் கர்னல் ஒருவர் நடத்துவார். ஆகவே தாத்தா 1936-ல் பிரிகேடில் இருந்தார் என்றால் பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம்.

சுடுகிறவருக்கு இலக்கு தெரியாது. இந்த வேலையில் அடிப்படையான விஷயமே அதுதான். போஃபர்ஸ் மாதிரி 155 மில்லிமீட்டர் பீரங்கி 24 கிலோமீட்டருக்கு மேல் சுடும். ராமேஸ்வரம் கோயில் வாசலில் நிறுத்திச் சுட்டால் குண்டு தனுஷ்கோடி முனையைத் தாண்டிக் கடலில் விழும். கோயில் வாசலில் நிற்பவருக்கு அது எங்கே விழுந்தது என்று தெரியுமா? தெரியாது. அதனால் ஒரு அதிகாரி, ரேடியோ தூக்கிய ஓரிரு பேரோடு, காலாட்படையின் முன்வரிசையிலேயே இருப்பார். ஓ.பி. (கண்காணிப்பு நிலை) என்பார்கள் படையில். முதல் குண்டு விழும். இலக்குக்கு இடப்பக்கம், இருநூறு மீட்டர் தள்ளி. அவர் ரேடியோவில் திருத்தம் சொல்வார். பின்னால் ஒருவர் கணக்குப் போட்டுக் குழாயின் கோணத்தை மாற்றச் சொல்வார். அடுத்த குண்டு கிட்டத்தில் விழும். இன்னொரு திருத்தம். சரி என்றானதும் பேட்டரியின் ஆறு பீரங்கிகளும் சேர்ந்து சுடும். 43 கிலோ எடையுள்ள குண்டைத் தூக்கி உள்ளே தள்ளுகிறவர்கள் வியர்த்துக் கொட்டுவது ஒரு பள்ளத்தாக்கில் என்றால், அது வெடிப்பது இன்னொரு பள்ளத்தாக்கில்.

ஆக, பீரங்கிப் படையில் ஒரு பகுதி எப்போதும் காலாட்படையோடு ஒட்டியே வாழ்கிறது. எல்லைக் கோட்டுப் பகுதியில் அது இன்னும் நெருக்கம். கல்வானில் பீரங்கிக்கு வேலையே இல்லை. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996-ல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. துப்பாக்கியே பேசாத சண்டையில் எல்லாரும் வெறும் ஆட்கள்தான். 16 பிகார், 3 பஞ்சாப் என்ற காலாட்படைப் பிரிவுகள், பீரங்கிப் படை என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. அந்த இரவுக்காகக் கொடுத்த ஐந்து வீர் சக்ரா வீர விருதுகளில் இரண்டு பீரங்கிப் படைக்கு வந்தன. ஒன்று பழனிக்கு, மறைவுக்குப் பின். இன்னொன்று 3 மீடியம் ரெஜிமென்டின் (மீடியம் என்றால் ஃபீல்டைவிடப் பெரிய பீரங்கி) ஹவில்தார் தேஜிந்தர் சிங்குக்கு. அவர் உயிரோடு வந்து வாங்கிக்கொண்டார். அதே 3 மீடியத்தின் நாயப் சுபேதார்கள் மன்தீப் சிங், சத்னாம் சிங் இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

இனி கௌரவங்கள். காலாட்படைக்குக் கொடி உண்டு. எந்தெந்தப் போரில் நன்றாகச் சண்டை போட்டதோ அந்த ஊர்ப்பெயர்களைக் கொடியில் பொறிப்பார்கள். பீரங்கிப் படைக்கு அப்படிக் கொடி கிடையாது. பீரங்கிதான் கொடி. அணிவகுப்பில் மற்றவர்கள் கொடிக்குச் செய்கிற மரியாதையைப் பீரங்கிக்குச் செய்வார்கள். பீரங்கியை எதிரியிடம் விட்டுவிட்டு வருவது கொடியை விட்டுவிட்டு வருவதற்குச் சமம். தவிர்க்கவே முடியாமல் விட்டு வந்தால், அது சுடாதபடி செய்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்தக் காலத்தில் திரி வைக்கும் துளையில் ஆணி அடித்துவிடுவார்கள்.

ஊர்ப்பெயர் பொறிக்கக் கொடி இல்லாததற்கு ஒரு காரணம், எல்லாப் போரிலும் பீரங்கி இருந்தது என்பது. எதை எழுதுவது, எதை விடுவது? 1832-ல் இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியம், தனித்தனி ஊர்ப்பெயர்களுக்குப் பதிலாக ‘எங்கும்’ என்று பொருள்படும் ஒரே ஒரு லத்தீன் சொல்லைத் தங்கள் பீரங்கிப் படைக்குக் கொடுத்தார். இந்தியப் பீரங்கிப் படையின் முழக்கம் ‘சர்வத்ர இஸ்ஸத்-ஓ-இக்பால்’. எங்கும் மானத்தோடும் மகிமையோடும் என்று அர்த்தம். அழகான ஏற்பாடுதான். ஆனால் எங்கும் இருந்தோம் என்று சொன்னால் கேட்பவர் மனதில் எந்த இடமும் நிற்காது. எனக்கென்னவோ இதில் பீரங்கிக்காரர்களுக்கு நஷ்டமே அதிகம் என்று படுகிறது.

இந்தக் குறையைச் சரிக்கட்ட வந்தது கௌரவப் பட்டம். குறிப்பிட்ட சண்டையில் தனித்துத் தெரிந்த ரெஜிமென்டுக்கோ பேட்டரிக்கோ அந்த இடத்தின் பெயரையே கொடுத்துவிடுவார்கள். அது எண்ணோடு சேர்ந்து பெயராகிவிடும். 1948 காஷ்மீர்ப் போரின் சோஜிலா, 1965-ன் ஹாஜி பீர், அசல் உத்தர், 1971-ல் டாக்காவுக்கு வடக்கே டாங்காயிலில் பாராசூட்டில் இறங்கிய படையோடு சேர்ந்து குதித்த பீரங்கிக்காரர்களுக்குப் பூங்லி பாலம். பிரிகேடுக்கு இப்படிப் பட்டம் கிடைப்பதில்லை. பிரிகேடு என்பது தேவைக்கேற்பச் சேர்த்து வைக்கிற ஏற்பாடு; இன்றைக்கு இந்த ரெஜிமென்ட் இருக்கும், நான்கு வருஷம் கழித்து வேறொன்று வரும். பட்டம் ரெஜிமென்டோடும், அதைவிட முக்கியமாகப் பேட்டரியோடும் போகும். பேட்டரி ஒரு ரெஜிமென்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பட்டமும் கூடவே மாறும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பட்டத்தில் இருக்கிற ஊரில் அந்தப் பேட்டரியின் பெரும்பாலானவர்கள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய குண்டுதான் அங்கே போயிருக்கும்.

தனிமனிதர் விருதுகளிலும் இதே கதைதான். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவை இதுவரை பெற்றவர்கள் 21 பேர். பீரங்கிப் படையிலிருந்து ஒருவர்கூட இல்லை. அப்துல் ஹமீது பீரங்கிக்காரர் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, அவர் கிரெனேடியர்ஸ் என்ற காலாட்படை ரெஜிமென்ட். அசல் உத்தரில் அவர் ஜீப்பில் வைத்துச் சுட்டது காலாட்படையின் டாங்கி எதிர்ப்பு ஆயுதம். பீரங்கிப் படையில் வீரம் குறைச்சல் என்று இதற்கு அர்த்தமில்லை. விருதுக்கான பரிந்துரை ஒரு ஆளின் பெயரைக் கேட்கும். இவன் முன்னால் பாய்ந்தான், இன்னதைப் பிடித்தான் என்று எழுத வேண்டும். ஆறு பீரங்கிகளைச் சுற்றி ஐம்பது பேர் இரவெல்லாம் குண்டு ஏற்றியதை யார் பெயரில் எழுதுவது?

பெயர் எழுத முடிந்த ஒரு சந்தர்ப்பம் 1944 டிசம்பரில் பர்மாவில் வந்தது. கலடான் பள்ளத்தாக்கில் மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன் ஒன்றுக்கு உதவியாக இந்திய மலைப் பீரங்கிப் பேட்டரி ஒன்றின் முன்னணிப் பிரிவு நின்றது. அதில் ஒரு பீரங்கிக்குப் பொறுப்பாளர் ஹவில்தார் உம்ராவ் சிங், இன்றைய ஹரியானாக்காரர். டிசம்பர் 15, 16-ல் ஜப்பானியர்கள் ஒன்றரை மணி நேரம் குண்டு மழை பொழிந்துவிட்டு ஏறி வந்தார்கள். திரும்பத் திரும்ப வந்தார்கள். பீரங்கிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். துப்பாக்கித் தோட்டா தீர்ந்தது. கடைசியில் உம்ராவ் சிங், பீரங்கியைத் தூக்கிச் சுமக்கப் பயன்படும் கனத்த இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு அடிக்க இறங்கினார். ஆறு மணி நேரம் கழித்து எதிர்த்தாக்குதல் நடத்தி அந்த இடத்தை மீட்டபோது, அடையாளமே தெரியாத அளவுக்குக் காயங்களோடு தன் பீரங்கிக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். சுற்றிலும் பத்து ஜப்பானியர்களின் உடல்கள். பீரங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே மறுபடியும் சுட்டது. அவருக்கு பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. பிழைத்து, 2005 வரை வாழ்ந்தார்.

இதற்கெல்லாம் முன்னால் இந்தியர் கையில் பீரங்கியே கொடுக்காத ஒரு நீண்ட காலம் இருந்தது. இந்தியப் பீரங்கிப் படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது செப்டம்பர் 28. 1827-ல் அந்தத் தேதியில் பம்பாயில் தொடங்கிய ஒரு பேட்டரி இன்றுவரை அறுபடாமல் இருக்கிறது. மதராஸ் ராணுவத்திலும் பீரங்கிகளோடு நம்மவர்கள் இருந்தார்கள். லஸ்கர் என்ற பெயரில் இழுத்தும் தள்ளியும் வேலை செய்தவர்கள் ஏராளம். 1857 எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சிப்பாய்கள் கையில் பீரங்கி இருந்தால் என்ன ஆகும் என்று ஆங்கிலேயர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். சில மலைப் பேட்டரிகளைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்று முடிவு செய்தார்கள். இந்தியாவைப் பிடிக்கப் பீரங்கி எவ்வளவு உதவியது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ராமநாதபுரம் கோட்டையே 1772-ல் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் படையிடம் விழுந்ததுதானே, பீரங்கியால் சுவரில் ஓட்டை போட்ட பிறகு.

தடை தளர 75 வருஷங்களுக்கு மேல் ஆனது. 1935 ஜனவரி 15-ல் பெங்களூரில் ‘ஏ’ ஃபீல்டு பிரிகேடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். குதிரை இழுக்கிற பீரங்கிகள், இந்தியச் சிப்பாய்கள். மதராஸ் ஆட்களுக்கு என்றே அதில் ஒரு பேட்டரி இருந்தது. மேலே சொன்ன பழைய கணக்குப்படி பிரிகேடு என்றால் ரெஜிமென்ட் அளவு. அதுதான் பின்னாளில் 1 ஃபீல்டு ரெஜிமென்ட் ஆனது. அந்தக் காலத்தில் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்த முதல் சில இந்தியர்களில் ஒருவர் நம்மவர், குமாரமங்கலம் ஜமீன் பி.பி.குமாரமங்கலம். மதராஸ் மாகாணத்தின் முதல்வராக இருந்த சுப்பராயனின் மூத்த மகன். தம்பி மோகனும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள், அண்ணன் ராணுவம். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ!

1942 மே மாதம் லிபியப் பாலைவனத்தில், பீர் ஹக்கீம் அருகே, குமாரமங்கலம் ஒரு பேட்டரியின் தளபதி. எதிரே இத்தாலிய டாங்கிகள். பாலைவனத்தில் மறைவு கிடையாது. அங்கே பீரங்கிக்காரருக்கு இலக்கு நன்றாகவே தெரியும், இலக்குக்கும் பீரங்கி தெரியும். டாங்கிகள் மேலே ஏறும்வரை நேராகச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பல பீரங்கிகள் நொறுங்கின. அந்தச் சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது. அதே ஆண்டு பிடிபட்டு இத்தாலியில் போர்க்கைதியானார், தப்பினார், மறுபடியும் பிடிபட்டு ஜெர்மனி முகாமுக்குப் போனார். 1966-ல் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார். பீரங்கிப் படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களில் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். 1962 நவம்பர் 18, லடாக்கில் ரெசாங் லா. மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவுன் ரெஜிமென்ட் கம்பெனி கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. பின்னால் பீரங்கிகள் இருந்தும் உதவ முடியவில்லை; நடுவில் ஒரு மலைமுகடு மறைத்தது. குண்டு அந்த முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றால் குழாயை மிகச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். அன்றைய ஃபீல்டு பீரங்கிகளுக்கு அது வராது. மலைச் சண்டையில் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்பதைவிட எவ்வளவு நிமிர்ந்து சுடும் என்பதே பெரிய கேள்வி.

அதற்கான பதில் 37 வருஷம் கழித்து அதே லடாக்கில் கிடைத்தது. 1986-ல் 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டபோது நாடு முழுக்கப் பேசியது ஊழலைத்தான். 1999 கார்கிலில் அதே பீரங்கி 70 டிகிரி நிமிர்ந்து முகடுகளுக்கு மேலே குண்டு போட்டது. ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை ஓரத்தில்தான் பீரங்கிகள் நின்றன. மேலே இருந்தவர்களுக்குச் சாலை நன்றாகத் தெரியும், அவர்களும் திருப்பிச் சுட்டார்கள். திராஸ் பகுதியில் 8-வது மலை டிவிஷனின் பீரங்கிப் பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் லக்விந்தர் சிங். நூறுக்கு மேற்பட்ட பீரங்கிகளை ஒரே இலக்கின் மேல் திருப்பிச் சில நிமிஷங்கள் சுட்டு, புகை அடங்கும் முன் காலாட்படையை ஏறவிடுவது அவர்கள் கடைப்பிடித்த முறை. போர் முழுக்க இந்தியப் பீரங்கிகள் இரண்டரை லட்சம் குண்டுகளுக்கு மேல் சுட்டன. அந்த உயரத்தில் காற்று மெலிசு, அதனால் குண்டு வழக்கத்தைவிட அதிக தூரம் போகும். சமவெளியில் போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது. மேலே போன ஓ.பி. அதிகாரிகள்தான் திருத்தித் திருத்திச் சரிசெய்தார்கள். அவர்களில் ஒருவர் திருவனந்தபுரம் பக்கத்து வெங்ஙானூர்க்காரர், 158 மீடியம் ரெஜிமென்டின் கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ். உடம்பில் குண்டு பாய்ந்த பிறகும் ரேடியோவில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்து இறந்தார். அவருக்கு வீர் சக்ரா.

2022 ஜூலையில், திராஸில் பாயின்ட் 5140 என்று எண்ணால் அறியப்பட்ட சிகரத்துக்குப் பீரங்கிக்காரர்கள் நினைவாக ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். 23 வருஷம் ஆகியிருந்தது.

ராமேஸ்வரத்துக்கும் இந்தப் படைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, அது பலருக்குத் தோன்றுவதில்லை. அப்துல் கலாம் தலைமையில் 1983-ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தின் முதல் பெரிய விளைவு பிரித்வி. 1988-ல் முதல் சோதனை. தரைப்படைக்காக அதைக் கையாளும் வேலை பீரங்கிப் படைக்குத்தான் போனது. தரைப்படையின் பிரம்மோஸ் ஏவுகணையும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேறிய ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். அந்தப் படையில் பெண் அதிகாரிகள் சேர்ந்தது அதுவே முதல் முறை.

அப்புறம், வீட்டில் ஆர்ட்டிலரிக்காரர் ஒருவர் இருந்து, அவர் எந்தப் போரில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு. பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெஜிமென்ட் எண்ணோடு பேட்டரியையும் குறித்துக்கொள்ளுங்கள்; பட்டம் பேட்டரிக்கு மட்டும் இருக்கலாம் என்பதால் ரெஜிமென்டை மட்டும் வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஃபீல்டு, மீடியம் என்ற அடைமொழி பெரிய பீரங்கி வந்ததும் மாறிவிடும், எண் மாறாது. 1971-ல் ஃபீல்டாக இருந்தது இன்றைக்கு மீடியமாக இருக்கலாம். விமான எதிர்ப்புப் பிரிவில் இருந்தவர் என்றால் அவருடைய ரெஜிமென்ட் 1994 ஜனவரியில் பீரங்கிப் படையிலிருந்து பிரிந்து தனிப்படைக்குப் போய்விட்டது, அங்கே தேட வேண்டும். மற்றவர்களுக்கான ஆவணக் காப்பகம் மகாராஷ்டிராவில் நாசிக் ரோடு முகாமில் இருக்கிறது. அங்கே எழுதுவதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். படை எண், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.